பட்டியலில் இல்லாத குழந்தை: இந்தியா போலியோவைத் துரத்திய கணக்கு

1/ 2011 ஜனவரி 13. மேற்கு வங்கம், ஹவுரா மாவட்டம். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு திடீரென்று கால் தளர்ந்துபோகிறது. மலப் பரிசோதனையில் போலியோ வைரஸ். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் முடக்கிய கடைசிக் குழந்தை அவள்தான்.

2/ இதுக்கு இரண்டே வருஷம் முன்னாடி, 2009-ல், இந்தியாவில் 741 குழந்தைகளுக்குப் போலியோ. அந்த வருஷம் உலகத்தில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு பேர் இல்லை. 2010-ல் 42. 2011-ல் 1. அப்புறம் பூஜ்யம்.

3/ 741 எப்படி 42 ஆச்சு? புது சொட்டு மருந்து வந்தது, உண்மை. லட்சக்கணக்கான பணியாளர்கள் வெயிலிலும் வெள்ளத்திலும் நடந்தார்கள், அதுவும் உண்மை. கூடவே இன்னொரு வேலையும் நடந்தது. தனித்தனியாகக் கிடந்த கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் குழந்தை விட்டுப்போச்சுன்னு கண்டுபிடிச்ச வேலை. இந்த த்ரெட் அதைப் பற்றி. கொஞ்சம் நீளம், பொறுமையாப் படிங்க.

4/ முதல்ல ஒரு அடிப்படை. "எங்க பகுதியில் 98% தடுப்பூசி"ன்னு சொல்றோமே, அது எப்படி வருது? மேலே, ஊசி போட்ட குழந்தைகளின் எண்ணிக்கை. கீழே, அந்தப் பகுதியில் இருக்கவேண்டிய குழந்தைகளின் எண்ணிக்கை. வகுத்தா சதவீதம். மேலே உள்ளது பதிவேட்டிலிருந்து வருது. கீழே உள்ளது பெரும்பாலும் மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்ட உத்தேசம்.

5/ ஒரு கற்பனைக் கிராமத்தை எடுத்துக்கோங்க. உத்தேசப்படி 100 குழந்தைகள். செவிலியர் 98 பேருக்குப் போட்டுட்டாங்க. 98%, அருமை. ஆனா ஊருக்கு வெளியே செங்கல் சூளையில் வேலைக்கு வந்த குடும்பங்களில் இன்னும் 20 குழந்தைகள் இருக்காங்க. உண்மையில் 120-க்கு 98. விட்டுப்போனது 2 பேர் இல்லை, 22 பேர்.

6/ பக்கத்து ஊர்க் குழந்தைகளும் இங்கே வந்து போட்டுக்கிட்டா 104%-ன்னுகூட வரும். வந்திருக்கு. கைதட்டிட்டுப் போயிடுவோம். அந்த 104-க்குள்ளே சூளைக் குழந்தை ஒளிஞ்சிருக்கும்.

7/ இதில் செவிலியர் பொய் சொல்லலை. அவங்க பதிவேடு அவங்க பார்த்த குழந்தையைத்தான் காட்டும். பார்க்காத குழந்தையை எந்தப் பதிவேடும் தானாகக் காட்டாது. அதைப் பார்க்க, வேறு வழியில் வந்த இன்னொரு கணக்கு வேணும். இரண்டுக்கும் நடுவில் விழும் இடைவெளியில்தான் அந்தக் குழந்தை இருக்கும்.

8/ சரி, வரலாற்றுக்கு வருவோம். அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் இந்தியாவில் 1985-ல் தொடங்கியது. அந்தக் காலத்தில் வருஷத்துக்கு எத்தனை குழந்தைகளைப் போலியோ முடக்கியது? லட்சத்தைத் தாண்டும் என்று மதிப்பீடு. எண்ணிச் சொன்ன கணக்கு கிடையாது. நாட்டின் பல பகுதிகளில் எண்ணுவதற்கு ஏற்பாடே இல்லை.

9/ எண்ணிப் பார்க்க முயன்ற ஊர்களில் ஒன்று நம்ம வேலூர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் குழுவினர் 1970-களிலேயே ஒரு சங்கடமான விஷயத்தைக் கண்டுபிடிச்சாங்க. மேலைநாடுகளில் சில தவணைகளே போதுமாக இருந்த சொட்டு மருந்து, இங்கே 5 தவணை கொடுத்தும் பல குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தியைத் தரலை. இதை மனசில வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

10/ அதே குழு, ஊர்க் குழந்தைகள் எல்லோருக்கும் குறுகிய காலத்தில் ஒரே வீச்சில் சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்தது. போலியோ சரிந்தது. 1983-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதை வெளியிட்டாங்க. பின்னாளில் 'பல்ஸ் போலியோ'ன்னு நாடே அறிந்த முறைக்கு வேலூர் ஒரு முன்னோடி.

11/ வடஆற்காடு மாவட்டத்தில் அவங்க செய்த இன்னொரு வேலை: நோய்த் தகவலுக்கு அச்சடிச்ச தபால் அட்டை. அரசு ஆஸ்பத்திரியோ தனியார் கிளினிக்கோ, குறிப்பிட்ட நோய்கள் வந்தா டாக்டர் அட்டையை நிரப்பித் தபாலில் போட்டா போதும். எல்லா அட்டைகளும் ஒரே இடத்தில் சேரும். யாரிடமும் தனியாகத் தெரியாத படம் அங்கே தெரியும். கம்ப்யூட்டர் அப்புறம், முதலில் தகவல் ஒரே மேஜைக்கு வரணும்.

12/ 1995-ல் நாடு முழுக்க பல்ஸ் போலியோ தொடங்கியது. ஆனா சொட்டு மருந்து கொடுத்தா மட்டும் போதுமா? போலியோ போச்சான்னு எப்படித் தெரியும்? அதுக்காக 1997-ல் மத்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து தேசிய போலியோ கண்காணிப்புத் திட்டத்தை அமைத்தன.

13/ விதி எளிமையானது. 15 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் கை அல்லது கால் திடீரென்று தளர்ந்தா, காரணம் எதுவானாலும், உடனே தகவல் சொல்லணும். கால் தளர்ந்த 14 நாளுக்குள் இரண்டு மல மாதிரி, 24 மணி நேர இடைவெளியில். குளிர்ச்சி கெடாமல் ஆய்வகத்துக்குப் போகணும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அப்படி ஒரு ஆய்வகம். 60 நாள் கழித்து மறுபடி குழந்தையைப் போய்ப் பார்க்கணும்.

14/ ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப எனக்கு இது புரியலை. ஒரு பையனுக்கு கில்லான்-பாரி, அதாவது நரம்பைத் தாக்கும் வேறொரு நோய். தெளிவாத் தெரியுது. "இது போலியோ இல்லையே சார், எதுக்கு ரிப்போர்ட்?"ன்னு கேட்டேன். "போலியோ இல்லாத குழந்தையும் அவங்களுக்கு வேணும்பா"ன்னு சீனியர் சொன்னார். அதுக்கு மேல் சொல்ல அவருக்கு நேரமில்லை. பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது.

15/ முதல் காரணம்: போலியோ கிருமி தொற்றும் சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கால் முடங்கும். மற்றவர்கள் ஒன்றும் தெரியாமல் பரப்பிக்கிட்டே இருப்பாங்க. ஒரு குழந்தை முடங்கினா சுற்றிலும் 200 பேர். அதனால் ஒரு கேஸைக்கூட விடக்கூடாது. "இது போலியோ இல்லை"ன்னு நாமாக முடிவு பண்ணினா ஒன்று தப்பிடும்.

16/ இரண்டாவது காரணம்தான் இந்தக் கதையின் உயிர். விசாரணைப் படிவத்தில் குழந்தையின் வயசு, ஊர், எங்கிருந்து வந்த குடும்பம் எல்லாம் கேட்பாங்க. கூடவே ஒரு கேள்வி: இதுவரை எத்தனை தவணை சொட்டு மருந்து?

17/ யோசிச்சுப் பாருங்க. கில்லான்-பாரி நோய், சொட்டு மருந்து குடித்த குழந்தையா குடிக்காத குழந்தையான்னு பார்த்து வர்றதில்லை. அப்போ போலியோ இல்லாமல் கால் தளர்ந்து வரும் குழந்தைகள் எல்லோரும், அந்தப் பகுதிக் குழந்தைகளிலிருந்து குலுக்கிப் போட்டு எடுத்த மாதிரி. அவங்க எத்தனை தவணை குடிச்சிருக்காங்களோ, கிட்டத்தட்ட அதுதான் அந்த வட்டாரத்தின் உண்மை நிலை.

18/ சொட்டு மருந்து கொடுத்தவர் எழுதிய கணக்கு ஒரு பக்கம். அவருக்குச் சம்பந்தமே இல்லாமல் ஆஸ்பத்திரி வழியாக வந்த கணக்கு இன்னொரு பக்கம். இரண்டும் ஒத்துப்போனா நிம்மதி. ஒத்துப்போகலைன்னா அந்த ஒன்றியத்துக்கு ஜீப் கிளம்பணும். சீனியர் சொன்னதுக்கு அர்த்தம் இதுதான்.

19/ 2002-ல் இதுக்குப் பரீட்சை வந்தது. 2001-ல் 268 ஆக இருந்த போலியோ, 2002-ல் 1,600. பெரும்பகுதி உத்தரப் பிரதேசம். படிவங்களை ஊர் வாரியாக, வயசு வாரியாக, சமூக வாரியாகப் பிரித்தாங்க. பெரும்பாலும் சின்னஞ்சிறு குழந்தைகள். உ.பி.யில் பாதிக்கும் மேல் முஸ்லிம் குடும்பங்கள். மாநில மக்கள்தொகையிலோ அவர்கள் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு.

20/ இந்த இடத்தில் ஒரு கணக்கு இரண்டு விதமாகப் போகலாம். "அவங்க மருந்து வாங்க மாட்டேங்கிறாங்க"ன்னு ஒரு சமூகத்தின் மேல் பழி போட்டு ஃபைலை மூடலாம். இல்லைன்னா, "நாம ஏன் அந்தத் தெருவுக்கு ஒழுங்காப் போகலை?"ன்னு கேட்கலாம். முதல் பேச்சும் அன்றைக்கு நிறையவே இருந்தது.

21/ தெருவில் போய்ப் பார்த்தப்போ தெரிந்தது: நெரிசல், சாக்கடை, நல்ல தண்ணீர் இல்லை, பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இல்லை. "சொட்டு மருந்து குடிச்சா பிற்காலத்தில் குழந்தை பிறக்காது"ன்னு வதந்தி. மற்ற எதுக்கும் எட்டிப் பார்க்காத அரசு, இந்த ஒரு சொட்டுக்கு மட்டும் மாசாமாசம் கதவைத் தட்டினா யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

22/ அதனால் அதே தெருப் பெண்களையே களப்பணியாளர்களாக எடுத்தாங்க. இமாம்கள் பேசினாங்க. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவும் துணை நின்றன. எந்த வீட்டுக்கு யார் பேசணும் என்பதைப் பட்டியல் சொன்னது. பேசியது பக்கத்து வீட்டு அக்கா.

23/ இன்னொரு கணக்கு வீட்டுச் சுவரில் இருந்தது. சொட்டு மருந்துக் குழு வந்துபோனா கதவுப் பக்கம் சாக்பீஸால் எழுதுவாங்க. எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தாச்சுன்னா ஆங்கில 'பி' எழுத்து. பூட்டின வீடு, வெளியே போன குழந்தை, மறுத்த வீடுன்னா 'எக்ஸ்'. எக்ஸ் வீட்டுக்கு இன்னொரு குழு மறுபடி போகும்.

24/ மூன்றாவது கணக்கு குழந்தையின் இடது சுண்டுவிரலில். மருந்து கொடுத்ததும் வைக்கும் மை. தனியாக வரும் மேற்பார்வையாளர் சுவரைப் பார்ப்பார், விரலையும் பார்ப்பார். சுவரில் 'பி' இருக்கும், உள்ளே ஒரு விரலில் மை இருக்காது. யார் அந்தக் குழந்தை? விருந்துக்கு வந்த அக்கா பிள்ளை. உள்ளறையில் தூங்கிக்கிட்டிருந்த பத்து நாள் பச்சிளம் குழந்தை.

25/ பிறந்த குழந்தைக்கு எதுக்குன்னு வீட்டில் எழுப்பியிருக்க மாட்டாங்க, குழுவும் கேட்டிருக்காது. இப்படித் திரும்பத் திரும்ப விட்டுப்போறது யாருன்னு தெரிஞ்சதும், புதுசாப் பிறந்த குழந்தைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டு ஒவ்வொரு சுற்றிலும் தேடினாங்க.

26/ இவ்வளவுக்கும் பிறகு 2005-ல் 66 ஆகக் குறைந்தது, 2006-ல் மறுபடி 676. இந்த முறை படிவங்கள் வேறொன்றைச் சொல்லின. முடங்கிய குழந்தைகளில் பலர் ஏற்கெனவே பல தவணை குடிச்சவங்க! கொடுத்தவர் பொய் சொன்னாரா? இல்லை.

27/ அந்த வருஷம் சயின்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் நிக்கோலஸ் கிராஸ்லி குழு, போலியோ வந்த குழந்தைகளையும் போலியோ இல்லாமல் கால் தளர்ந்த குழந்தைகளையும் எதிரெதிரே வைத்து, யார் எத்தனை தவணை குடிச்சாங்கன்னு ஒப்பிட்டது. மூவகைச் சொட்டு மருந்தின் ஒரு தவணை, முதல் வகை போலியோவுக்கு எதிராக மற்ற இந்தியாவில் 21% பாதுகாப்பு தந்தது. உத்தரப் பிரதேசத்தில் வெறும் 9%.

28/ 9%-ன்னா என்ன? நீங்களே கணக்குப் போடலாம். 10 தவணை குடித்தாலும் சுமார் 61% குழந்தைகளுக்குத்தான் பாதுகாப்பு. 21% உள்ள இடத்தில் அதே 10 தவணைக்குச் சுமார் 91%. பதிவேட்டில் இரண்டு ஊரும் ஒன்றுதான். வைரஸுக்கு ஒன்றில்லை.

29/ வேலூரில் 1970-களில் பார்த்தது இங்கே பல மடங்கு பெரிசா வந்து நின்றது. ஓயாத வயிற்றுப்போக்கு, நெரிசல், குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் மற்ற கிருமிகள். மூன்று வகை வைரஸும் கலந்த மருந்தில் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும் சிக்கல் வேறு. ஆக இடைவெளி இரண்டு வகை. மருந்தே போய்ச் சேராத குழந்தை ஒன்று. மருந்து சேர்ந்தும் வேலை செய்யாத குழந்தை இன்னொன்று.

30/ முதல் வகை வைரஸுக்கு மட்டுமான தனிச் சொட்டு மருந்து 2005-ல் வந்திருந்தது. உ.பி.யிலேயே அது ஒரு தவணைக்குச் சுமார் 30% பாதுகாப்பு தந்ததாகப் பிறகு தெரிந்தது. 2010 ஜனவரியில் முதல், மூன்றாம் வகை இரண்டுக்கும் சேர்ந்த மருந்து. இரண்டாம் வகை 1999-லேயே ஒழிந்துவிட்டதால் அது தேவைப்படலை.

31/ பீகாரில் சிக்கல் வேறு மாதிரி. கோசி ஆறு தடம் மாறும் ஆறு. 2008 ஆகஸ்டில் கரை உடைந்து லட்சக்கணக்கான மக்கள் வீடிழந்தாங்க. ஆற்றுக்கு நடுவே மணல் திட்டுகளில் ஊர்கள். இந்த வருஷம் இருக்கும் ஊர் அடுத்த வருஷம் வேற இடத்தில். குழுக்கள் படகில் போய், நடந்து, அங்கேயே ராத்தங்கி, விட்டுப்போன குடியிருப்புகளைப் பட்டியலில் சேர்த்தாங்க.

32/ இன்னொரு கணக்கு வைரஸின் மரபணுவில் இருந்தது. மும்பை என்டெரோவைரஸ் ஆராய்ச்சி மையத்தில் மரபணு வரிசையைப் படித்தா, எந்த வைரஸ் எதுக்குச் சொந்தக்காரன்னு தெரியும். மற்ற மாநிலங்களில் வந்த வைரஸ்கள் உ.பி.யையும் பீகாரையும் காட்டின. வேலை தேடி ரயிலேறிய குடும்பங்களோடு அதுவும் பயணம் செய்தது. அதனால் ரயில் நிலையம், ஓடும் ரயில், செங்கல் சூளை, கட்டட வேலை நடக்கும் இடம் எல்லாம் பட்டியலில் ஏறின.

33/ கடைசியில் 2009-ல் எல்லாக் கணக்கையும் ஒரே வரைபடத்தில் வைத்தப்போ, வைரஸ் விடாமல் குடியிருந்த இடம் 107 ஒன்றியங்களாகச் சுருங்கியது. உ.பி.யில் 66, பீகாரில் 41. இவ்வளவு பெரிய நாட்டில் 107! அங்கே சொட்டு மருந்தோடு மற்ற தடுப்பூசிகள், கை கழுவுதல், சுத்தமான தண்ணீர், வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ், ஜிங்க் எல்லாம் சேர்ந்து போயின.

34/ அதுக்கு அடுத்த வருஷம்தான் அந்த 42. 2011-ல் ஹவுராவில் அந்த ஒரு குழந்தை. அவளுக்கு ஒரு தவணைகூடப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. 2012 பிப்ரவரியில் போலியோ நிலவும் நாடுகளின் பட்டியலிலிருந்து இந்தியா நீக்கப்பட்டது. 2014 மார்ச் 27-ல் தென்கிழக்கு ஆசியா முழுக்க போலியோ இல்லையென்று சான்றளிக்கப்பட்டது.

35/ இந்தப் பாடம் போலியோவோடு நிற்கலை. 2014 டிசம்பரில் தொடங்கிய இந்திரதனுஷ் திட்டம் 201 மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. முழுமையாகத் தடுப்பூசி போடாத குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேர் அங்கேதான். போலியோவில் அடையாளம் கண்ட சூளைகளும் நாடோடிக் குடியிருப்புகளும் அப்படியே அதுக்குப் பயன்பட்டன.

36/ "இதெல்லாம் வடக்கே"ன்னு நினைக்காதீங்க. வீடு வீடாகக் கேட்டு எடுக்கும் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் 2005-06-ல் சுமார் 81%. 2015-16-ல் சுமார் 70%. முன்னேறிய மாநிலம்னு நாம் நிம்மதியா இருந்த பத்து வருஷம் அது. அடுத்த கணக்கெடுப்பில் மறுபடி ஏறியது.

37/ இன்னிக்கு நம்ம ஊரில் கர்ப்பிணியைப் பதிவு செய்யும் பிக்மி எண் குழந்தையின் பிறப்புப் பதிவு வரைக்கும் கூட வருது. தடுப்பூசிக்கு யூ-வின் தளம் இருக்கு. கருவி நல்ல கருவி. ஆனா எந்த ஆப்பிலும் ஏறாத குழந்தையை அந்த ஆப் காட்டாது. கணக்கைத் தெருவோடு ஒப்பிடும் ஆள் வேணும்.

38/ எங்க துறைக்கும் ஒன்று சொல்லிக்கிறேன். 85%-ன்னு உண்மையை எழுதும் செவிலியரைத் திட்டி, 100%-ன்னு எழுதுபவரைப் பாராட்டினா, அடுத்த மாசம் எல்லா ஊரும் 100% ஆயிடும். அந்த 15 குழந்தைகள் அங்கேயேதான் இருப்பாங்க. இடைவெளியைக் காட்டுபவர்தான் நமக்கு உதவி செய்கிறவர்.

39/ நீங்க செய்யக்கூடியது:
தடுப்பூசி அட்டையைப் பத்திரமா வைங்க, போட்டோ எடுத்து வைங்க.
வீடு மாறினா புது ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதியுங்க.
தனியாரில் போட்ட ஊசியையும் அவங்களிடம் சொல்லுங்க.
விருந்துக்கு வந்த குழந்தையையும் போலியோ முகாமுக்குக் கூட்டிட்டுப் போங்க.
பக்கத்தில் கட்டட வேலைக்கு வெளியூர்க் குடும்பங்கள் வந்திருந்தா செவிலியருக்கு ஒரு போன் போடுங்க. அந்த ஒரு போன், எங்களிடம் இல்லாத ஒரு பட்டியல்.

40/ அடுத்த முறை "98% குழந்தைகளுக்குத் தடுப்பூசி"ன்னு செய்தி பார்த்தா சந்தோஷப்படுங்க. கூடவே ஒரு கேள்வி கேளுங்க: மிச்சம் 2% யாரு, எந்தத் தெருவில் இருக்காங்க? 2011 வரைக்கும் இந்தியா திரும்பத் திரும்பக் கேட்டது அந்தக் கேள்வியைத்தான்.